நோயில்லாதவர் வரிசை

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலத்தைக் கேட்கவே வேண்டாம். மூன்றாவது கீமோ முடிந்து வாயெல்லாம் புண். பேச முடியவில்லை, அதனால்தான் இந்தக் காகிதம். போன் என்றால் நீயும் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று நழுவிவிடுவாய்.

லாண்டரிக் கடையை மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். இஸ்திரிப் பெட்டியின் ஆவி பட்டாலே எனக்குக் குமட்டுகிறது. வாசல் பக்கம் நாற்காலி போட்டு, அறுந்த பொத்தான் தைப்பதோடு சரி.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டி மார்பிலிருந்து அக்குள் வரை பரவிய பிறகுதானே கண்டுபிடித்தார்கள். டாக்டர் இப்போது, "இது குடும்பத்துல வழிவழியா வர்றதா இருக்கலாம்மா, ரத்தத்துல பாத்துடலாம்" என்கிறார். ஆறு வருஷத்துக்கு முன் நாங்கள் விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வந்தபோது, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று சாப்பாட்டு மேஜையிலேயே உட்காரவைத்து எல்லோர் ரத்தத்தையும் எடுத்தாயே. கொசுவுக்கு அண்ணன் என்று உன்னைக் கேலி செய்தோம். அதில் ஏதாவது தெரிந்ததா? எனக்காகக் கேட்கவில்லை. மகளுக்கு இருபத்தாறு ஆகிறது.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டேன். மனசு கேட்கவில்லை. வாய்ப்புண்ணுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சோடா உப்பும் கலந்து அடிக்கடி கொப்பளி. சூடாக எதையும் சாப்பிடாதே. பொத்தான் தைப்பதையும் கொஞ்ச நாள் விட்டுவை, விரலில் ஊசி பட்டால் புண் ஆறாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். எங்கள் வேலை முறை அப்படியில்லை. ரத்தக் குழாயில் பேர் இருக்காது, எண்தான். எது யாருடையது என்று எங்களுக்கே தெரியாது. நோயாளிகள் ஒரு வரிசை, நோயில்லாதவர்கள் ஒரு வரிசை, இரண்டையும் ஒப்பிடுவோம். இரண்டாவது வரிசைக்கு ஆள் போதாமல் உங்களைக் கேட்டேன். உண்மையில் சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது. அதனால் உங்கள் டாக்டரிடம் இதைப் பற்றி வாயைத் திறக்காதே. அந்த ஆராய்ச்சி அச்சாகி, அதன் மேல்தான் எங்கள் ஆய்வகமே ஓடுகிறது. கிளறினால் எல்லோர் பிழைப்பிலும் மண் விழும்.

டாக்டர் சொன்ன பரிசோதனையைச் செய்துகொள். தைரியமாக இரு.

அன்புத் தம்பி

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் என்னை மன்னித்துவிடு. தெரிந்தால் நீ சொல்லாமல் இருப்பாயா? உன்னைப் போய்க் கேட்டேனே என்று வெட்கமாக இருந்தது. டாக்டரிடம் எதுவும் சொல்லவில்லை, பயப்படாதே.

சோதனை முடிவு வந்துவிட்டது. வழிவழியாக வரும் அந்த மரபணுப் பழுது எனக்கு இருக்கிறது. மகளுக்கும் இருக்கிறது. அவளுக்கு இரண்டு மார்பையும் முன்கூட்டியே எடுத்துவிடலாம், இல்லையென்றால் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கலாம் என்றார் டாக்டர். "உங்களுக்கும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஆரம்பத்துலயே பிடிச்சிருக்கலாம்மா" என்றும் சொன்னார். அவள் என் எதிரில் அழவில்லை. கடைக்கு வந்து, ஒருவருடைய சட்டையை இன்னொருவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

உன் மகளை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பாய், வீட்டை மறந்துவிடுவாய். நாளை, மறுநாள் என்று தள்ளாமல் நீயும் சோதித்துக்கொள், அவளையும் கூட்டிக்கொண்டு போ. அவளும் எனக்கு மகள்தானே.

உன் அக்கா

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நிலைமையிலும் எங்களை நினைக்கிறாயே, உன் மனசு யாருக்கு வரும்?

நம் பிள்ளையைப் பற்றி நீ கவலையே படாதே. எனக்கும் அந்தப் பழுது உண்டு, அவளுக்கும் உண்டு. ஆறு வருஷமாகத் தவறாமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். போன வருஷம் கடுகளவு ஒன்று தென்பட்டது, உடனே எடுத்துவிட்டார்கள். இப்போது ஜோராக வேலைக்குப் போய் வருகிறாள். உன் மகளுக்கும் ஒன்றும் ஆகாது. முன்பு போல இல்லை அக்கா, மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது.

அன்புத் தம்பி

மே 16

தம்பிக்கு,

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் மகள் தப்பித்துவிட்டாள் என்று படித்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகுதான் ஆறு வருஷம் என்பது கண்ணில் பட்டது.

குழாயில் பேர் இருக்காது என்றாய். சரி. உன் ரத்தத்தில் இருப்பது கூடப் பிறந்தவள் ரத்தத்திலும் இருக்கலாம் என்று தெரிந்துகொள்ள எந்தக் குழாயில் பேர் பார்க்க வேண்டும்? "அக்கா, ஒரு தடவை போய்ப் பாத்துக்கோ" என்று சொல்லியிருந்தால் போதும். ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன், கடையைப் பூட்டிவிட்டுப் போயிருப்பேன். எனக்கு நோய் என்று தெரிந்தால் உன் வரிசை கெட்டுவிடும், சொந்தக்காரியைச் சேர்த்தது வெளியே வந்துவிடும், அதுதானே உன் பயம்? என்னை நோயில்லாதவளாகவே வைத்துக்கொண்டாய்.

எனக்கு எலும்பிலும் பரவிவிட்டதாம். மகள் ஆபரேஷனுக்கு நாள் வாங்கிவிட்டாள். நீ வர வேண்டாம், எழுதவும் வேண்டாம். உன் மகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது.

நேற்று டாக்டர், "கூடப் பிறந்தவங்களுக்கு நாங்களே எழுதித் தெரியப்படுத்தறோம், தம்பி அட்ரஸ் குடுங்கம்மா" என்றார்.

"வேண்டாம் டாக்டர், அவனுக்கு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

எப்படி என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன்.

அக்கா