செவ்வாய்க்கிழமை முகம்

உங்கள் சாம்பல் நிற டை சாப்பாட்டு மேசைக் கதிரையில் தொங்குகிறது. அலுமாரியைத் திறந்ததுமே அந்தப் பெப்பர்மின்ற் வாசம் வந்துவிட்டது. எந்நேரமும் வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டிருப்பீர்களே, அது டையிலும் ஊறிவிட்டது போலும். இன்று செவ்வாய்க்கிழமை, வட்டி வீதத்தை முடிவு செய்ய எங்கள் மத்திய வங்கிச் சபை கூடும் நாள். சிட்னியில் வேலைக்கு ரெயில் பிடிக்க ஹோம்புஷ் ஸ்டேஷனுக்கு நான் இந்நேரம் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இன்னும் டையைக் கட்டவில்லை. கதிரையைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன், சேர்.

"சேர்" என்றால் உங்களுக்குப் பிடிக்காது. "நான் என்ன உன் பள்ளிக்கூட வாத்தியாரா? பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்பீர்கள். மத்திய வங்கியின் துணைத் தலைவரை ஒரு யாழ்ப்பாணத்தான் எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவான்? கடைசிவரை என் வாயில் அது வரவேயில்லை.

ஒரு கூட்டத்துக்குச் சிவப்பு டை கட்டி வந்தீர்கள், மகள் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. வட்டி கூடப் போவதற்கு அது அறிகுறி என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதிவிட, அன்று மத்தியானம் டொலர் ஆட்டம் கண்டது. நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. அதன் பிறகு சபை கூடும் நாளென்றால் இந்தச் சாம்பல் டைதான். வட்டி ஏறினாலும் இதுதான், இறங்கினாலும் இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லிஃப்ற்றில் வைத்து என்னை உற்றுப் பார்த்தீர்கள். "ஒன்றுமே தெரியாத இந்த முகத்தை எங்கே பழகினாய்?" என்று கேட்டீர்கள். "செக்பொயின்ற்றில்" என்றேன். ஆமிக்காரன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டக் கூடாது. பயந்தது தெரிந்தால் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவான். நீங்கள் இன்னொரு பெப்பர்மின்ற்றை வாயில் போட்டுக்கொண்டு, "நான் வீட்டில் பழகினேன்" என்றீர்கள்.

அந்தக் கதை துண்டு துண்டாகத்தான் வந்தது. ஸ்கொட்லாந்தில் கப்பல் கட்டும் ஒரு துறைமுக ஊர். உங்கள் அப்பா வேலை செய்த பட்டறையை மூடிவிட்டார்கள். அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போலக் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியோடு போனார், பின்னேரம் திரும்பி வந்தார். ஒருநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில், கடற்கரை வாங்குப் பலகையில் குளிருக்குள் அவர் குந்தியிருந்ததைக் கண்டீர்கள். அவர் உங்களைக் காணவில்லை. அன்றிரவு மேசையில் அவருக்கு எதிரே ஒன்றுமே தெரியாத முகத்தோடு இருந்து சாப்பிட்டீர்கள்.

பிறகு உதவிப்பணத்தில் படிப்பு, கொஞ்சக் காலத்துக்கென்று சிட்னிக்கு வந்தது, புள்ளிவிவரப் பிரிவில் ஒரு மூலை மேசை, அங்கிருந்து மெல்ல மெல்ல மேல்மாடி. பயமே இல்லாத மனிதர் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கல்லவா தெரியும்! சபை கூடும் காலையில் உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சியைத் தவிர வேறெதுவும் உங்கள் வயிற்றில் நிற்காது. லிஃப்ற்றின் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்துப் போயிருக்கும். "நாங்கள் மேலே ஒரு இலக்கத்தை மாற்றுகிறோம், எங்கேயோ ஒரு அப்பன் வாங்கில் போய்க் குந்துகிறான்" என்றீர்கள் ஒருமுறை.

உங்கள் மகள் வீடு வாங்கியதும் வட்டி ஏறப் போகும் ஒரு காலத்தில்தான். வாங்கலாமா என்று உங்களிடம் போனில் கேட்டாள். "உன் வங்கியில் கேள்" என்றீர்கள். அடுத்தடுத்து வட்டி ஏறியது. அவளுக்கு அந்த வீடு நிலைக்கவில்லை, நத்தார்ப் பண்டிகைக்கும் உங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போன குளிர்காலம் உங்கள் அடக்கம் முடிந்ததும் அவள்தான் இந்த டையை என் கையில் தந்தாள். "வட்டி ஏறுமென்று அப்பாவுக்கு முதலே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்பது எனக்குத் தெரியும். நான் டையை மடித்துப் பைக்குள் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் அவரைப் போலத்தான்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

இப்போது என் முறை, சேர். வெள்ளிக்கிழமை பின்னேரம் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து என் தங்கச்சி சுகந்தி போன் எடுத்தாள். படகில் வந்து, வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் பயந்து பயந்து இருந்தவள். அவளும் புருஷனும் மாறி மாறி இரவு வேலை செய்து, கழுத்துமட்டும் கடன் எடுத்து, முதன்முதலாக ஒரு வீடு பார்த்திருந்தார்கள்.

"அண்ணா, நாளைக்கு வீட்டு ஏலம். நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். வீடியோவை மட்டும் போடுங்கோ."

"ஏன் பிள்ளை?"

"முகத்தைப் பாத்தால் எனக்கு விளங்கும்."

வட்டியைக் கூட்டச் சொல்லிச் சபைக்குப் போகும் அறிக்கையை எழுதியவர்களில் நானும் ஒருவன். முடிவு சபையுடையதுதான். ஆனால் எங்கள் பேச்சைச் சபை தட்டுவது குறைவு. ஒரு சொல் சொன்னால் வேலை போகும், வழக்கும் வரும். வீடியோ போட மாட்டேன் என்றாலே அதுவும் சொன்னதாகிவிடும். வீடியோவைப் போட்டேன், அந்த முகத்தையும் போட்டேன்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஓம், ஒண்டும் இல்லை. கூடுறதெண்டால் உங்கட முகம் காட்டிக் குடுத்திருக்கும். அப்ப நாங்கள் நாளைக்கு ஏலம் கேக்கப் போறம். போனை வைக்கட்டே அண்ணா?"

போன் கையில் இருக்க, நான் கதிரையில் அப்படியே இருந்தேன். எதுவுமே பேசிவிடக் கூடாது என்றுதான் நீங்கள் டையைக்கூட மாற்றாமல் இருந்தீர்கள். என் சும்மா இருந்த முகம் "வாங்கு" என்று சொல்லிவிட்டதே, சேர். அன்றைக்குப் போனில் உங்கள் குரல் பிசகாமல் இருந்ததைக் கேட்டுத்தான் உங்கள் மகளும் துணிந்தாளோ? அதனால்தானா உங்களுக்கு அந்தக் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை?

சனிக்கிழமை படம் வந்தது. விற்றாயிற்று என்ற பலகைக்குப் பக்கத்தில் சுகந்தி, புருஷன், அவர்களுடைய சின்னவள். ஏலத்தில் எடுத்த வீட்டை வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க முடியாது. மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று ஓட்ஸ் காய்ச்சி உப்புப் போட்டுக் குடித்தேன்.

டையைக் கட்டிவிட்டேன். இப்போதுதான் போன் அடித்தது, அவளுடைய மெசேஜ்: "அண்ணா, வேலைக்குப் போயிட்டீங்களோ? உங்கட முகத்தைப் பாத்ததாலதான் பயப்பிடாமல் கையைத் தூக்கினனான்."

மத்தியானத்துக்குப் பிறகு முடிவு வெளிவரும். பின்னேரம் அவள் திரும்பவும் வீடியோவைப் போடச் சொல்லுவாள். உங்கள் மகள் கேட்டதையே கேட்பாள். நான் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன், சேர்?