மறுபூசை ஆகாத முகமூடி

பெருமாநல்லூர்,
29.10.1996

அன்பு மகன் நல்லானுக்கு அப்பா எழுதுவது. அமெரிக்காவில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அண்ணமார் சாமி காக்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, இந்தத் தடவை அதை எழுத முடியவில்லை. உன் தம்பி வெள்ளையனுக்கு இடது கண் போய்விட்டது. காய்ச்சல் என்று வெள்ளிக்கிழமை போனில் சொன்னது பொய். நம் சலவைப் பட்டறையில் காஸ்டிக் சோடா கரைக்கும்போது முகத்தில் தெறித்துவிட்டது, எட்டு நாளாகக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வலது கண்ணிலும் புண்தான், ஆனால் அது பிழைத்துவிடும் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள், பிரிக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகுமாம். நீ பதறியடித்துக்கொண்டு கிளம்பி வராதே. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நீ அழுவதால் போன கண் திரும்பி வந்துவிடாது, அழுகிறதற்கு இங்கே உன் அம்மா ஒருத்தி போதும்.

அவனைச் சேர்த்த மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. ஆறு பக்கம், ஆறு பக்கமும் அந்தப் பெயிண்ட்பால் புராணம். துப்பாக்கியில் சாய உருண்டையைப் போட்டு ஒருத்தன் மேல் ஒருத்தன் சுட்டுக்கொள்கிறீர்கள், இருபத்தெட்டு வயது எருமைகள். இங்கே துணியில் மிளகு அளவு கறை இருந்தால் செக்கிங்கில் முகத்தில் விட்டெறிகிறார்கள், முப்பது வருஷமாகக் கறை எடுத்தே என் கை வெந்து கிடக்கிறது, என் மகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வரிசையில் நின்று கறையை வாங்கிக்கொண்டு வருகிறான். வெள்ளையன் படிக்கச் சொன்னான் என்று முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒருத்தன் சுடும்போதுதான் அடுத்தவன் ஓட வேண்டும், எதிரி எங்கே நிற்கிறான் என்று கத்திச் சொல்ல வேண்டும், உருண்டையை எல்லாம் முதலிலேயே தீர்த்துவிடக் கூடாது, அடிபட்டவன் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும், என்ன ஆனாலும் ஆட்டக்களத்தில் முகமூடியைக் கழற்றக் கூடாது. கடைசி வரியைப் படித்தபோது என் குரல் கொஞ்சம் மாறியது. உங்கள் கூட்டத்துக்கு நீ கேட்ட பன்னிரண்டு முழுக்கை பனியனும் தயார். மெல்லிசுத் துணி போட்டால் அடி தோலில் பதியும், அதனால் உள்பக்கம் பஞ்சு எழுப்பிய கனத் துணியில், ஒரு சைஸ் பெரிதாக, கழுத்தை உயர்த்தித் தைக்கச் சொன்னேன். தொளதொளவென்று இருந்தால் உருண்டை உடையாமலே விழுந்துவிடும், அது உனக்கு லாபம்தானே. தம்பி கண் போன அன்று தொட்டியில் கிடந்த அதே துணி. வெள்ளை நன்றாக வந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன், நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள். ஆவணியில் உன் சிநேகிதனிடம் அந்த ஆட்டத்துக்கு மாட்டுகிற முகமூடி ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்து அனுப்பினாய் அல்லவா, அவன் அதைத் தினமும் மாட்டிக்கொண்டு காஸ்டிக் ஊற்றினான். பட்டறையே வேடிக்கை பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாக வெறும் முகத்தோடு நான் செய்த வேலையை, கோமாளி வேஷம் போட்டால்தான் செய்ய முடியும் என்று நீ அங்கிருந்து சொல்லி அனுப்பிய மாதிரி இருந்தது. ஆயுத பூசைக்கு எல்லாவற்றையும் கழுவி வைத்தபோது அதையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அதன் கண்ணாடி மேல் மூன்று விரலால் சந்தனம் இழுத்துக் குங்குமம் வைத்தது நான்தான். பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை முடிக்காமல் தொடக் கூடாது, அது உனக்கே தெரியும். மறுநாள் விடியும்போதே எக்ஸ்போர்ட்காரன் ஆள் வந்து துணி சாயங்காலமே வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டான். தொட்டிக்கு மட்டும் ஒரு கற்பூரத்தைக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொன்னேன். வெள்ளையன் சாமி படத்துக்குக் கீழே கையை நீட்டி, "அண்ணன் குடுத்ததை மாட்டிக்கிட்டு ஊத்தறனுங்கப்பா" என்றான். கையைத் தட்டிவிட்டேன். மறுபூசை ஆகவில்லை, வை என்றேன். தொட்டிக்கு ஒரு சாஸ்திரம், முகமூடிக்கு ஒரு சாஸ்திரமா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கிற பிள்ளை நீ, அவன் இல்லை.

தெறித்ததும் ராமுத்தாய்தான் அவன் முகத்தில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினாள், துணி பிழிகிற தெற்கத்திப் பெண், நீ பார்த்ததில்லை. ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, "மாட்டவிட்டிருக்கலாமேய்யா" என்றாள். மறுநாள் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "கண்ணுக்கு ஒன்றும் மாட்டிக்கொள்ள மாட்டாயா" என்று சத்தம் போட்டபோது வெள்ளையன், "நாந்தானுங்க மறந்துட்டேன்" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. உன் அம்மா தினமும் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "அண்ணன் அத்தன தூரத்துல இருந்து குடுத்துட்டு, எடுத்து மாட்டறதுக்கு என்ன நோவு கண்ணு உனக்கு" என்று குத்துகிறாள், அவன் வாயைத் திறந்து அடுத்த கவளத்தை வாங்கிக்கொள்கிறான். நான் வெளியே போகிறேன் என்று எழுந்தால், "படி பாத்து எறங்குங்கப்பா" என்கிறான். அவன் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. தம்பிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அந்த முகமூடி சாய உருண்டைக்குத்தான் ஆகும், காஸ்டிக் பட்டால் கண்ணாடி உருகிக் கண்ணுக்குள்ளேயே போயிருக்கும், மாட்டாமல் இருந்ததால்தான் ஒரு கண்ணாவது மிஞ்சியது என்று எழுது. கடையில் விசாரித்தேன் என்று எழுது. அது உண்மையா என்று எனக்குச் சொல்ல வேண்டாம், நானே அதன் மேல் அரை டம்ளர் காஸ்டிக் ஊற்றிப் பார்த்துவிட்டேன். சந்தனம்தான் கரைந்து ஓடியது. போனில் சொல்லாதே, உன் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். அம்மாவுக்கும் தெரிய வேண்டாம். பொய் எழுத மனசு வரவில்லை என்று எனக்கு நியாயம் பேசாதே, பத்தாயிரம் மைல் தள்ளி நின்று யோக்கியனாக இருப்பது யாருக்கும் சுலபம்.

அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. கடிதத்தை மட்டும் தள்ளிப் போடாதே. உன் பேரைச் சொல்லி வாயில் வந்ததை நானே படித்துக் காட்டிவிடலாம், இப்போது அவனுக்கு என்ன தெரியப் போகிறது. ஆனால் கட்டைப் பிரித்ததும் மிச்சமிருக்கிற கண்ணால் அவன் முதலில் வாங்கிப் பார்ப்பது அதைத்தான். உன் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாமியப்பன்