சைபர் என்று வாசித்தேன்

7 ஜூலை 2025, திங்கள்

மேனேஜர் என் மேசையில் ஃபைலை அடித்த அடியில் டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. காரணம், பதினேழு கட்டங்களில் #DIV/0!. தலைமையகத்து ஆட்கள் முன்னால் பெரிய திரையில் என் ஷீட்டைக் காட்டியபோது அந்தப் பதினேழும் அவரைப் பார்த்துப் பல்லை இளித்தனவாம்.

“என்னா கருமம் இது புனிதா? கம்ப்யூட்டர் படிச்சவதானே நீ? அந்த அசிங்கத்த எடு.”

அது அசிங்கம் இல்லை. ஒவ்வொரு ஆளும் வெட்டிய பழக்குலை எத்தனை டன் என்று ஒரு கட்டம், எத்தனை நாள் வேலை செய்தார் என்று ஒரு கட்டம். டன்னை நாளால் வகுத்தால் ஒரு நாள் கணக்கு வரும். நாள் கட்டம் காலியாகக் கிடந்தால் எதால் வகுப்பது? எனக்குத் தெரியாது என்று எக்செல் ஒழுங்காகத்தான் சொல்கிறது.

இதை எல்லாம் அவரிடம் சொன்னேனா? இல்லை. குனிந்து கண்ணாடித் துண்டைப் பொறுக்கினேன். ஒன்று விரலில் ஏறியது. அதையே எடுத்து அந்த ஆள் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தால் என்ன என்று தோன்றியது. இந்தச் செம்பனைத் தோட்டத்தில் ஒன்பது வருடமாகக் கணக்கெழுதும் கிராணி வேலை. இந்த ஆசை எனக்குப் புதிதில்லை.

8 ஜூலை

எடுத்தாச்சு. =IFERROR(F9/G9,0). விடை வராத இடத்தில் எல்லாம் இனிமேல் 0.00. “ஹா, இப்ப க்ளீன்,” என்றார் மேனேஜர்.

10 ஜூலை, வியாழன்

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் குணாளன் அண்ணன் நேற்று ஒருத்தருக்கு நாள் கட்டத்தில் 11 என்று தட்டியிருக்கிறார். ஒரே நாளில் பதினொரு நாள் வேலை! போன வாரம் இன்னொரு கட்டத்தில் தன் மோட்டர் சைக்கிள் நம்பரைப் போட்டு வைத்தார். கேட்டால், டேப்லட் சின்னது, விரல் தடிமன் என்கிறார்.

பூட்டிவிட்டேன். நாள் கட்டத்தில் 1, 0.5 தவிர எதுவும் ஏறாது. காலை பத்து மணிக்கு மேல் அதுவும் ஏறாது. மீறித் தட்டினால் பெட்டி ஒன்று குதிக்கும். அதற்கு வாசகமும் நானே எழுதினேன்: தவறு. கிராணியைப் பார்க்கவும்.

எழுதும்போது சுகமாக இருந்தது, பொய் சொல்வானேன். இத்தனை வருடம் ஆம்பளைகள் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். இனி என் பெட்டி அவர்களைப் பார்த்துக் கத்தட்டும்.

15 ஜூலை, செவ்வாய்

நாலரை மணிக்குக் குணாளன் அண்ணன் போன் பண்ணினார்.

“தங்கச்சி, பதினாலாம் பிளாக் ஆளுக்கு நாள் போட முடியலலா. பொட்டி குதிக்குது.”

“காலையிலயே போட்டிருக்கணும்.”

“காலையில எப்புடி? அவருதான் பெரட்டுக்கு வர்றதில்லையே. நேத்தும் இதே கதைதான்.”

அவர் சொல்வது சரி. காலை ஆறரைக்கு ஆபீஸ் முன்னால் ஆளை நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. பதினாலாம் பிளாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், செங்குத்து மேடு. அங்கே வெட்டுகிறவர் பெரட்டில் நிற்காமல் வீட்டிலிருந்து நேரே மோட்டரில் ஏறிப் போய்விடுவார். மண்டோர் அவர் கட்டத்தைக் காலியாக விட்டு, சாயங்காலம் அவர் இறங்கிய பிறகு நாள் போடுவார். தடிப் புத்தகக் காலத்திலிருந்து இங்கே அப்படித்தான். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

ஆனால் காலையிலிருந்து பல் வலி. “முடியாதுன்னா முடியாது அண்ணே, எனக்கு வேற வேலை இல்லையா?” என்று போனை வைத்தேன்.

21 ஜூலை, திங்கள்

போன வார லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்துப் போர்டில் ஒட்டினேன். ஒரு நாளுக்கு யார் எத்தனை டன். குறைந்தவர் பேர் உச்சியில், சிவப்பில். நாலு மாதத்துக்கு முன்னால் வந்த சின்ன மேனேஜர் ஹேமநாதனின் யோசனை இது.

“நாளைக்குப் பெரட்டுல நீயே வாசி,” என்றார். “பொம்பள வாசிச்சாத்தான் இவனுங்களுக்கு ரோசம் வரும்.”

ரஹாங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்பணும். மலை வளைவெல்லாம் இருட்டாக இருக்கும். சனியன்.

22 ஜூலை, செவ்வாய்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முப்பது பேர் நின்றார்கள். பதினாலாம் பிளாக் அமிர்தலிங்கத்தையும் ஆள் விட்டு வரவழைத்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயது. குலை வெட்டும் கலாக் கம்பு தோளில். நான் போர்டிலிருந்து லிஸ்ட்டை எடுத்து, உச்சியில் இருந்த பேரை வாசித்தேன்.

“அமிர்தலிங்கம். சைபர்.”

எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனை வருடம் அந்த மேட்டைத் தனியாக வெட்டுகிற மனுஷன், ஆறு நாளில் ஒரு குலை கூடவா வெட்டவில்லை? கண் பார்த்தது, வாய் வாசித்தது.

“சைபரு!” என்றான் ஹேமநாதன். “மேட்டுல படுத்துத் தூங்கவாடா போற?”

“சார், லாரி நெறைய ஏத்தி—”

முடிக்க விடவில்லை. உள்ளங்கையை விரித்து இடது காதில் விட்டான். பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். விழுந்தவரை பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நான் எண்ணிக்கொண்டு நின்றேன், எண்ணுவதுதானே என் பிழைப்பு. குணாளன் அண்ணன் “சார், அவருக்கு நாளே ஏறல சார்!” என்று குறுக்கே போனார். ஹேமநாதன் கீழே கிடந்த கலாக் கம்பை எடுத்து அதன் அடிக்கட்டையால் அண்ணன் முழங்காலில் போட்டான். திரும்பி அமிர்தலிங்கத்தின் முதுகில் இரண்டு. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கி சிமெண்டில் சொட்டியது.

முப்பது பேரில் ஒருத்தனும் நகரவில்லை. நானும்தான். லிஸ்ட் என் கையிலேயே இருந்தது.

23 ஜூலை, புதன்

நாளே ஏறல சார்.

ஷீட்டைத் திறந்து பார்த்தேன். அமிர்தலிங்கம், டன் கட்டம்: 9.46. ஒற்றை ஆளாக, அந்த மேட்டில், ஒன்பதரை டன். நாள் கட்டம்: ஆறும் காலி.

தெரியாது என்றுதான் எக்செல் சொல்ல வந்தது. அதன் வாயைப் பொத்தி சைபர் என்று சொல்ல வைத்தது நான். நாள் போட வந்த மண்டோரை வெளியே தள்ளிப் பூட்டினதும் நான். போன் பண்ணிக் கெஞ்சினாரே! அடிச்சது அவன். அடிக்கிறதுக்குக் கையில எடுத்துக் குடுத்தது யாரு? நாந்தான். நாந்தான். நாந்தான்.

24 ஜூலை, வியாழன்

சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விலா இரண்டு விரிசல். காது ஜவ்வு கிழிந்துவிட்டது.

இடது பக்கம் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் என் வாயையே பார்த்தார். “என்னா சொல்றீங்க? அந்தக் காது கேக்கலம்மா.” வலது பக்கம் போனேன். திரும்பவும் முதலிலிருந்து, இந்த முறை சத்தமாக. வார்டு முழுக்கக் கேட்டது.

பின்னால் ஃபிளாஸ்க்கோடு அவர் மனைவி லோகேஸ்வரி நின்றதை நான் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பி அறைந்தாள். உதடு பல்லில் இடித்துக் கிழிந்தது.

“பொட்டிய பூட்டி வெளாடுறதுக்கு எம் புருசன் காதுதான் கெடச்சிச்சா ஒனக்கு?”

இன்னொன்று போடுவாள் என்று நின்றேன். போடவில்லை, சுவரில் சாய்ந்து அழுதாள். அமிர்தலிங்கம் என் சட்டை நுனியை இழுத்தார்.

“நான் வெட்டுனது எம்புட்டு?”

“ஒன்பது புள்ளி நாலு ஆறு.”

“அது எழுதியிருக்கா?”

“இருக்கு.”

“அழிச்சிராதீங்க. சோம்பேறின்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான்.”

அழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

25 ஜூலை, வெள்ளி

வாக்குக் கொடுத்து ஒரு நாள் ஆகவில்லை. ஹேமநாதன் ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு என் மேசையில் உட்கார்ந்தான்.

“டன்லயும் சைபர் போட்டுடு. அப்ப லிஸ்ட் சரியாயிடும். வேலையும் செய்யல, கேட்டதுக்குக் கம்ப ஓங்கினான்னு நான் ரிப்போட் குடுத்துக்குறேன். மேனேஜருக்கும் தெரியும்.”

“முடியாது.”

“லிஸ்ட் போட்டது நீ. வாசிச்சது நீ. மாட்டுனா நீயும்தான் மாட்டுவ.”

“மாட்டிக்கிறேன்.”

என் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைத் திரையில் அழுத்தினான். மூக்கு கண்ணாடியில் நசுங்கியது. 9.46 அவ்வளவு கிட்டத்தில் வெறும் புள்ளியாகத் தெரிந்தது. “தட்டு,” என்றான். என் கை கீபோர்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் காகிதத்தில் துளை போடும் பஞ்ச் இருந்தது, இரும்பு, பழசு, நல்ல கனம். அதை எடுத்து அவன் முகத்தை நோக்கிப் பின்னால் வீசினேன். புருவத்தில் பட்டது. விட்டான். ரத்தம் கண்ணில் வழிய அவன் சுவரைத் தடவியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவன் கண்ணைத் துடைப்பதற்குள் சைபர் போடுவதற்கு முந்தைய ஜூலை ஏழாம் தேதி ஷீட்டையும் இப்போதைய ஷீட்டையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தேன்.

26 ஜூலை, சனி

காலையில் பார்த்தால் என் கஞ்சில் காரின் முன் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. சீட்டில் ஒரு பழக்குலை, முள்ளும் மண்ணுமாக. இருபது கிலோ இருக்கும். ரஹாங் வரைக்கும் தூக்கி வந்து போட்டிருக்கிறான், நாய்.

குணாளன் அண்ணன் நொண்டிக்கொண்டே பஸ் பிடித்து வந்தார். பென்டிரைவோடு கோலா கிளாவாங் போய் ரிப்போட் கொடுத்தோம். எழுதிக்கொண்ட போலீஸ்காரரிடம், சைபர் போட்டது நான், பூட்டியது நான், வாசித்தது நான் என்றேன். அவர் நிமிர்ந்து, இதையும் எழுதணுமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

4 ஆகஸ்ட், திங்கள்

பஞ்ச் வீசியதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஹேமநாதனுக்கு மாற்றல், பஹாவ் பக்கத்தில் இதே கம்பெனியின் இன்னொரு தோட்டம். அதே பதவி. கேஸ் நடக்கிறதாம்.

மாற்றலாம்! அங்கே மட்டும் ஆளுக்குக் காது இல்லையா?

19 ஆகஸ்ட், செவ்வாய்

அமிர்தலிங்கம் வேலைக்குத் திரும்பினார். மேட்டுக்கு இல்லை, சமதளத்தில் உதிரிப்பழம் பொறுக்க. இடது காது திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம். பெரட்டில் முகத்தைச் சாய்த்து நிற்கிறார். குணாளன் அண்ணன் அவர் பேரை மட்டும் பக்கத்தில் போய்க் கூப்பிடுகிறார்.

ஷீட்டை மாற்றிவிட்டேன். =IF(G9=0,"ஆளைக் கேள்",F9/G9). பத்து மணிப் பூட்டு போய்விட்டது. இரவு எட்டு வரை நாள் போடலாம். பதினொன்று தட்டினால் பெட்டி இன்னும் குதிக்கும், ஆனால் வாசகம் வேறு: 1 அல்லது 0.5 போடுங்கள் அண்ணே. “ஆளைக் கேள்” பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றார் மேனேஜர். இருக்கட்டும் சார் என்றேன். என் கை பஞ்ச் பக்கத்தில் இருந்தது. அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

போர்டில் இப்போது லிஸ்ட் ஒட்டுவதில்லை. அந்த வார லிஸ்ட்டில் சைபரை அடித்து 1.58 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அமிர்தலிங்கத்திடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

8 செப்டம்பர், திங்கள்

மதியம் தலைமையகத்திலிருந்து ஒரு மெயில். போன வாரம் எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்பிய “க்ளீன் ஷீட்” எப்படி இருக்கிறது என்று கேட்டு. திறந்து பார்த்தேன். என்னுடையது. ஜூலையில் மேனேஜர் அனுப்பி வைத்த பழையது. அதே சைபர், அதே பூட்டு. பதினொரு தோட்டம்.

தோட்டங்களின் போன் லிஸ்ட்டை எடுத்து ஒவ்வொரு கிராணியாகக் கூப்பிட்டேன். சைபர் வந்தால் நம்பாதீர்கள், டன் கட்டத்தைப் பாருங்கள், ஷீட்டை மூடுங்கள். பத்துப் பேர் சரி என்றார்கள். பஹாவ் பக்கத்தை எதற்குக் கடைசியாக வைத்தேன்? பயந்துதான். எடுத்தது மோகனா என்று ஒரு பெண், சேர்ந்து மூன்று மாதம்.

“சைபர் ஏதாச்சும் இருக்கா?”

“ஒருத்தருக்கு இருக்குக்கா.”

“அவரு டன் எம்புட்டு?”

“ஏழு புள்ளி மூனு... ஐயோ. நாள் காலியா கெடக்குக்கா.”

“பிரிண்ட் எடுத்தியா?”

“போர்டுல ஒட்டியாச்சு. நாளைக்குப் பெரட்டுல என்னைய வாசிக்கச் சொன்னாரு, ஹேமநாதன் சார்.”

“போய் கிழி. இப்பவே.”

“அக்கா... சார் போர்டுகிட்டதான் நிக்கிறாரு. அந்த ஆளயும் இப்பவே கூப்புட்டு வச்சிருக்காரு.”

அந்தக் கை எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். முகம் தெரியாத பெண்ணை அதன் முன்னால் போய் நில் என்று எந்த வாயால் சொல்வேன்? ஆனால் அங்கே ஒருத்தர் இரண்டு காதோடு நின்றுகொண்டிருந்தார்.

“போனை கையில வச்சுக்கிட்டே போ. நான் இருக்கேன். லிஸ்ட் தப்புன்னு கத்திக்கிட்டே கிழி. எல்லாருக்கும் கேக்கணும்.”

சிமெண்டில் சிலிப்பர் ஓடும் சத்தம். “லிஸ்ட் தப்பு சார்!” மெல்லிய குரல், உடைந்து உடைந்து வந்தது. காகிதம் கிழிந்தது. ஹேமநாதன் கத்தினான், அந்தக் கத்தல் என் முதுகில் இறங்கியது. அதற்கு மேலே அவள் குரல், இப்போது நடுங்காமல்:

“எந் தப்பு சார். ஷீட்டு தப்பு சார். அவரு ஏழு டன் வெட்டியிருக்காரு.”