கோயில் முடக்கில் இரண்டாவது கியர்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. உடுப்பு மூன்று நாளாகக் காயவில்லை, வீடெல்லாம் ஈர வாடை. மூன்றாம் வகுப்புக்கு ஆறாம் வாய்ப்பாடு தொடங்கியாயிற்று. பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்து கொப்பியைத் திறந்தால் கடைசிப் பக்கம் முழுக்க இவருடைய கிறுக்கல். நாளைக்கு அதிபர் கொப்பி பார்ப்பார். பக்கத்தைக் கிழிக்கத்தான் வேண்டும். கிழிக்கும் முன் இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு காணோம் என்று என்னைப் பிடிக்கக் கூடாது.

– எஞ்சின். டர்போ உள்ளது. ரீகண்டிஷன்.
– தாங்கி வெட்டி நாலு அங்குலம் முன்னுக்கு
– பழைய கியர் பெட்டி பொருந்துமா??
– கிளட்ச் தட்டு பெரிசு
– ரேடியேட்டர் பெரிசு
– பின் ஆக்சில் பல்லு? பாஸிடம் கேள்
– ராணியிடம் சொல்லணும்

ராணி நான்தான். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆக்சிலுக்குப் பிறகுதான் என் முறை போலிருக்கிறது.

பால்மா முடிந்தது. மகள் திவ்யாவுக்குச் சப்பாத்து கடிக்கிறதாம்.

ஜூன் 5, வியாழன்

நானே கேட்டுவிட்டேன். சோறு போட்டுவிட்டுத்தான் கேட்டேன், பசியில் கேட்டால் சண்டை வரும்.

"லொறிக்கு எஞ்சின் மாத்தப் போறேன். பெரிய தொரை கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. கோயில் முடக்குல நிக்கிற வண்டிக்கு அடுத்த மாசத்துலருந்து கொழுந்து இல்லையாம்."

தப்பு தோட்டத்துத் துரை மேல் இல்லை. கீழ் டிவிஷன் தேயிலைக் கொழுந்தை மேலே தொழிற்சாலைக்கு ஏற்றுவதுதான் பதினோரு வருடமாக எங்கள் லொறிக்கு வேலை. நடுவில் முனியாண்டி கோயிலருகே அந்த முடக்கு, செங்குத்தாக ஏறித் திரும்பும் வளைவு. முடக்கு முடிந்த இடத்தில் என் பள்ளிக்கூடம். போன மாதம் மட்டும் முதல் கியரிலேயே முக்கி இரண்டு தடவை பாதி ஏற்றத்தில் நின்று, சாக்குக்குள்ளேயே கொழுந்து வெந்து சிவந்துபோனது. பிள்ளைகள் ஜன்னலில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். டீச்சருடைய லொறி என்று எல்லாருக்கும் தெரியும்.

"புது எஞ்சின் போட்டும் ஏறலைன்னா?"

"கத்தார்தான். தம்பி அங்க டிரைவர் வேலைக்குக் கேட்டு வச்சிருக்கான்."

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்பது போலச் சொன்னார். பிறகு நிஜமாகவே ரசம் கேட்டார். ஊற்றினேன். வேறு என்ன செய்ய?

ஏறினால் இவர் இங்கே. ஏறாவிட்டால் கத்தார். பதினான்கு வருடக் குடித்தனத்தைத் தூக்கி ஒரு முடக்கின் கையில் கொடுத்திருக்கிறார். எனக்குச் சைக்கிளின் சங்கிலி மாட்டக்கூடத் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று பேரும் ஹட்டன் போனோம். திவ்யாவுக்குச் சப்பாத்து, அப்படியே மெக்கானிக் சுனில் பாஸின் கராஜ். சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், கடவாயில் எப்போதும் வெற்றிலை. எஞ்சினைப் பழைய டயர் மேல் உட்கார்த்தி வைத்திருந்தார். டர்போ என்பது பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்பு நத்தை. அவ்வளவுதான் எனக்கு விளங்கியது. திவ்யா பதினொரு வயதில் என்னைவிடத் தேவலை, "பொகையத் திருப்பிவிட்டுக் காத்த உள்ள தள்ளுமாம்மா" என்று எனக்குப் பாடம் எடுத்தாள்.

இவரும் பாஸும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பாதி சிங்களம், பாதி கை. கியர் பெட்டியை எஞ்சினோடு சேர்க்க நடுவில் ஒரு தகடு கடைந்து வைக்க வேண்டும், பின்னால் சுற்றும் தண்டை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். இவர் குனிந்து குனிந்து அளந்தார். இவ்வளவு கவனமாக இவர் எதையும் பார்த்து நாளாயிற்று.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஏறுமா பாஸ்?"

கராஜில் எல்லாரும் சிரித்தார்கள். பாஸ் மட்டும் சிரிக்கவில்லை. "மிஸ், எஞ்சின் ஏறும். டிரைவர் ஏத்தினா."

சப்பாத்து ஒரு அளவு பெரிதாக வாங்கினோம். வளர்வாள்.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி லீவு. கராஜ் பூட்டு. இவர் வீட்டில் இருந்தால் கூண்டில் அடைத்தது மாதிரி. தேங்காய் திருவினார், பாதியில் விட்டார். கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். போனில் தம்பியோடு வெளியே போய்ப் பேசினார். மழையில் ஏன் வெளியே போக வேண்டும்?

நேற்று பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்:
"மருமகன் வெளிநாட்டுலருந்து எப்ப வாறாராம்?"
"வருவாரு வருவாரு. புள்ள போனக் கண்டாலே அப்பாங்குது. யார் போனா இருந்தாலும்."
சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

ஜூன் 13, வெள்ளி

கடைந்த தகடு நூல் அளவு பிசகிவிட்டதாம், திரும்பக் கடைய வேண்டும். இவர் சாப்பிடவில்லை. "சரியாயிரும்" என்றேன். "ஒனக்கு என்ன தெரியும்" என்றார். உண்மைதான், தெரியாது. ஆனாலும் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

பள்ளி விட்டு வரும்போது முனியாண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். பிள்ளை பிறக்க வேண்டி வைத்திருக்கிறேன், மாற்றல் கிடைக்க வேண்டி வைத்திருக்கிறேன். ஒரு இரும்புத் தகட்டுக்காக வைத்தது இதுதான் முதல் தடவை. சாமிக்கே விளங்கியிருக்குமோ என்னவோ.

ஆறாம் வாய்ப்பாடு: பதினெட்டுப் பேரில் ஏழு பேர் ஒப்புவித்தார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

எஞ்சின் ஓடிவிட்டது!! பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஹட்டன் போனேன், வயிற்று வலி என்று பொய். பாஸ் சாவியைத் திருப்பினார். இரண்டாவது திருப்பில் பிடித்துக்கொண்டது. பழைய லொறி இருமும், இது உறுமுகிறது. கராஜின் தகரக் கூரை நடுங்கியது. பாஸ் வாயெல்லாம் பல்.

இவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது பாஸ் என்னிடமும் தனியாகச் சொன்னார். "மிஸ், ரெண்டு கிழமை லோட் வேணாம். சும்மா ஓட்டிப் பழக்கணும். பொடிப் பிள்ளை மாதிரி. பிறகு எவ்வளவு வேணும்னாலும் ஏத்துங்க. ஹரித?"

ஹரி, ஹரி, சரி, சரி என்று நானும் தலையாட்டினேன். இரண்டு கிழமை என்றால் பதினான்கு நாள், ஜூலை பிறந்துவிடும். அதுவரைக்காவது மூச்சு விடலாம்.

ஜூன் 21, சனி

நாலு நாள்தான் ஆகிறது. இன்றைக்கே ஏற்றிவிட்டார்.

நல்ல மழை. உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தவளிடம் திவ்யா ஓடி வந்து, "அம்மா, அப்பா நூத்தி இருவது சாக்கு ஏத்திட்டாங்க, தொரையும் வந்து நிக்கிறாரு" என்றாள். சவர்க்காரக் கையோடு குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கோயிலடியில் பத்து இருபது பேர். துரை ஜீப்புக்குள். லொறி கீழே திரும்பி வந்தது, நன்றாகத்தான் வந்தது. முடக்கின் நடுவில் சத்தம் தடித்தது. கறுப்புப் புகை. பிறகு சக்கரம் சேற்றில் ஒரு சுற்று சுற்றி, நின்றுவிட்டது. எப்போதும் நிற்கிற அதே இடம். ராமர் அண்ணன் ஓடிப்போய்ப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். தோட்டத்து டிராக்டரை ஓட்டுகிறவர், இவருடைய கூட்டாளி.

யாரோ சொன்னார்கள், "அம்புட்டுத்தான்."

துரையின் ஜீப் திரும்பிப் போனது. இவர் இறங்கி, என்னைத் தாண்டி நடந்தார். என் குடைக்குள் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் அலுமாரி திறந்து கிடக்கிறது, பாஸ்போர்ட் மேசை மேல்.

துவைத்த உடுப்பை மறுபடி அலச வேண்டியதாயிற்று. அலசும்போது அழுதேன்.

ஜூன் 23, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் பலகையில் கணக்கு எழுதினேன். 'ஒரு சாக்கில் 20 கிலோ கொழுந்து. 6 சாக்கில் எத்தனை கிலோ?' எழுதி முடிக்கும்போது வெளியே சோவென்று மழை. சோக்குக் கட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மழைக் கொழுந்து இருபது கிலோவா நிற்கும்? அம்மா கொழுந்து எடுத்தவள். மழை நாளில் கணக்கப்பிள்ளை தராசில் தண்ணீருக்கென்று கிலோ கழிப்பார், அன்றைக்கெல்லாம் அம்மா வீட்டுக்கு வந்து பானை சட்டியை உருட்டுவாள். இந்தத் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரச் சாக்கு இருபத்தாறு, இருபத்தேழு வரும். சனிக்கிழமை நிறுக்கவே இல்லை, சாக்கைத்தான் எண்ணினார்கள். நூற்றிருபது என்றார்கள், துரையும் சரி என்றார். பழக்காத எஞ்சின், ஓடையாக ஓடும் பாதை, அதற்கு மேல் அந்த லொறி எழுநூறு கிலோ மழைத் தண்ணீரையும் சேர்த்து இழுத்திருக்கிறது!

எஞ்சின் தோற்கவில்லை. எண்ணினதுதான் பிழை.

பிள்ளைகள் "டீச்சர், நூத்தி இருவது, நூத்தி இருவது" என்று விடை சொல்லிக் கத்தினார்கள். ஆறு இருபது நூற்றிருபதுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மணியடித்ததும் ஓட்டமும் நடையுமாக வீடு. இவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். "என்னங்க, ஈரக் கொழுந்துங்க! தண்ணிக்குக் கழிக்கவே இல்ல! தொரைக்கிட்டச் சொல்லுங்க, வெயில் நாள்ல இன்னொருக்கா ஏத்துவோம்!"

குழாயை மூடினார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஈரம்னு தெரிஞ்சுதான் ஏத்துனேன்."

அதற்குப் பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொதல்ல நெசமாத்தான் மாத்துனேன் ராணி. சாமி சத்தியமா. கராஜுல அந்தச் சத்தத்தக் கேட்டதும், இது ஏறிரும்னு தெரிஞ்சு போச்சு. அப்பத்தான் பயமாயிருச்சு. ஏறிட்டா இருக்கணுமே. இன்னும் பதினோரு வருசம், அதே முடக்கு, அதே கொழுந்து. போறேன்னு ஒங்கிட்டச் சொல்ல வாய் வரல. வண்டி சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

கையில் இருந்த குடையால் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. "கால நல்லாத் தொடைச்சுட்டு உள்ள வாங்க" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

பேசவில்லை. அவரும் பேசவில்லை. திவ்யா நடுவில் தபால்காரி.

துரையிடம் நானே போய்ச் சொல்லலாம். சொன்னால் துரை நம்புவார், இன்னொரு தடவை ஏற்றச் சொல்வார். யார் ஓட்டுவது? இருக்க மனமில்லாத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எஞ்சினையாவது மாற்றலாம்.

கிழித்த பக்கத்தைக் குப்பையில் போடவில்லை, அரிசிப் பானைக்கு அடியில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'ராணியிடம் சொல்லணும்.' எதை என்று எழுதவில்லை. எஞ்சின் விஷயம் என்று நானாக வாசித்துக்கொண்டேன்.

ஜூன் 30, திங்கள்

கொழும்புக்குப் போனார், கத்தாருக்கான மெடிக்கலுக்கு. விடியற்காலை பஸ். நாலு சேட்டும் அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். கோபத்தில் ஒரு கழுத்துப்பட்டியைக் கருக்கிவிட்டேன். அதைத்தான் போட்டுக்கொண்டு போனார்.

லொறி முற்றத்தில் படங்கு போர்த்தி நிற்கிறது. சாவி ஆணியில்.

ஜூலை 2, புதன்

வெயில்! ஒரு மாதத்துக்குப் பிறகு. எல்லா உடுப்பும் கொடியில்.

காலையில் ராமர் அண்ணன் வந்தார். "தங்கச்சி, தோட்டத்து டிராக்டர் படுத்துருச்சு. கீழ கொழுந்து கெடக்கு. தொரை ஒங்க லொறியக் கேக்கச் சொன்னாரு. மெதுவா ஓட்டிப் பாக்கட்டுமா?" சாவியைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.

மூன்றாம் பாடம். ஏழாம் வாய்ப்பாடு. கீழேயிருந்து சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கேட்டுவிட்டது, எல்லாம் ஜன்னலில். 'உட்காருங்க' என்று சொல்ல வேண்டியவள் நானும் போய் நின்றேன். கோயில் தெரிந்தது. லொறியின் மூக்கு தெரிந்தது. புகை இல்லை. எப்போதும் நிற்கிற இடத்துக்கு வந்தது, வந்த மாதிரியே போனது. பள்ளியைத் தாண்டும்போது ராமர் அண்ணன் ஹோர்ன் அடித்தார், இரண்டாவது கியர் என்று இரண்டு விரலைக் காட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். "டீச்சர், ஏறிருச்சு! டீச்சர், ஒங்க லொறி!"

தட்டினேன், நானும்.

பின்னேரம் இவருடைய போன்.

"ராமர் சொன்னான். ஏறுச்சாமே."

"ஏறுச்சு."

"எத்தன சாக்கு?"

"நூத்தி இருவது. காஞ்சது."

கொழும்பு பஸ் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்.

"ரெண்டாவது கியர்லயா?"

"ரெண்டாவதுலதான்."

"ம்."

பிறகு சொன்னார், "பதினாலாந்தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு ராணி."