முஹெரேசாவின் கியர்பாக்ஸ்

மார்ச் 6

கபாலே சந்தைக்குப் போகும் வழியில் என் டாக்சியின் கியர்பாக்ஸ் உடைந்தது. முதலில் ஓர் ஊளை, பிறகு கடகடவென்று சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. பயணிகள் இறங்கி உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. அதில்தான் எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 9

மெக்கானிக் எஸ்ரா பிரித்துப் பார்த்தான். உள்ளே பற்களெல்லாம் நொறுங்கிக் கிடந்தன.

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அக்கா இது. இதோட கியர் பெட்டி கம்பாலாவுலயே இல்லங்கிறாங்க. முன்சக்கரம் மட்டும் இழுக்கிற பெட்டின்னா தேடலாம்."

"எங்க மலையைப் பாத்திருக்கியா நீ?"

"பாத்திருக்கேன். அதான் தயங்கித் தயங்கிச் சொல்றேன்."

மார்ச் 10

மழை. எழுத எதுவும் இல்லை.

மார்ச் 13

யார் வந்தது தெரியுமா? முஹெரேசா! மலையின் இன்னொரு டாக்சிக்காரன். வருடக்கணக்காக என் பயணிகளை வழியிலேயே மடக்கி ஏற்றிக்கொள்பவன். ஜனவரியில் அவன் எஞ்சின் எரிந்து போனதிலிருந்து அந்த வண்டியில் கோழிகள்தான் அடைகின்றன.

"எம் பெட்டியை எடுத்துக்குங்கக்கா. ரெண்டும் ஒரே மாடல்தான். என்னுது முன்சக்கர இழுவை, அவ்வளவுதான்."

"எவ்வளவு கேக்குற?"

"காசும் வேணாம். தர்மமும் இல்ல. எம் பொண்டாட்டி கெல்லனுக்கு வயித்துல புள்ள குறுக்கால கெடக்காம். ஆஸ்பத்திரியிலதான் பெக்கணுமாம். இந்த மலையில இருக்கிறது ரெண்டு வண்டி, ரெண்டும் செத்துக் கெடக்கு. ஒண்ணாவது எந்திரிக்கட்டும்."

அவன் மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டது எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் யோராம் அவனுக்குச் சோளக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். நான் சரியென்று தலையை ஆட்டினேன்.

மார்ச் 15

நோயாளிகளைத் தூக்கும் தட்டியில் கியர்பாக்ஸைப் படுக்க வைத்து நாலு பேர் மலையிறக்கினார்கள். எதிரே வந்த ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி, "யாரு இறந்தது?" என்றார். சிரித்துச் சிரித்துத் தட்டியே கவிழப் பார்த்தது.

மார்ச் 17

எஞ்சினோடு பெட்டி பொருந்திவிட்டது. ஆனால் என் வண்டியின் வலப்பக்க ஆக்சில் அதில் நுழையவில்லை. "அளந்து பாத்திருக்கணும், என் தப்புதான்" என்றான் எஸ்ரா. முஹெரேசா மலையேறிப் போய்த் தன் வண்டியின் ஆக்சில்கள் இரண்டையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

பின்சக்கரங்களுக்குப் போகும் நீளத் தண்டை எஸ்ரா கழற்றி ஓரமாக வைத்தான். இனி அவை சும்மா உருளும்.

மார்ச் 19

ஓடுகிறது! தார்ச்சாலையில் வெண்ணெய் போல. ஆனால் எங்கள் மலைச் சேற்றில் முதல் வளைவிலேயே முன்சக்கரங்கள் சுழன்று சுழன்று — வண்டி பின்னால் வழுக்கி வாய்க்காலில் போய் நின்றது. இவ்வளவு பேர் பாடுபட்டதெல்லாம் இதுக்குத்தானா? வீட்டுக்கு நடந்தே வந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 20

முஹெரேசா வாசலில் நின்று சிரிக்கிறான். "திருப்பிப் போடுங்கக்கா. ரிவர்ஸ்ல ஏறுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"நேரா ஏறுனா பாரமெல்லாம் பின்னால சாயுது, இழுக்கிற சக்கரம் லேசாயிடுது. திருப்பிட்டா பாரம் அதுமேலயே உக்காந்துக்கும். நான் இத்தனை மழைக்காலம் எப்படி ஏறுனேன்னு நெனச்சீங்க?"

வாய்க்காலிலிருந்து வண்டியை மீட்டு, கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு ஏறினேன். மூன்று தடவை வழுக்கியது. நான்காவது தடவை வளைவைத் தாண்டியது!

மார்ச் 28

கெல்லனுக்கு வலி கண்டுவிட்டது. கொட்டுகிற மழை. வண்டி அடிவாரத்தில், அவள் உச்சியில். ரிவர்ஸில் ஏறினேன்; கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. முஹெரேசா வண்டிக்குப் பின்னால் சேற்றில் ஓடிக்கொண்டே, "இடது! இன்னும் இடது! நிக்காதீங்க, நிக்காம வாங்க!" என்று கத்தினான். நிற்கவில்லை. அவன் வீட்டு வாசல்வரை போனேன்.

இறங்கும்போது கெல்லன் என் இருக்கையை இறுகப் பிடித்தபடி, "அக்கா, ஏதாவது பேசிக்கிட்டே வாங்க" என்றாள். எதைப் பேசினேன் என்று நினைவில்லை. எஸ்ராவைப் பற்றியோ, கோழிகளைப் பற்றியோ.

அறுவை செய்துதான் எடுத்தார்கள். பெண். இருவரும் நலம். ஆண்டவரே, ஆண்டவரே.

ஏப்ரல் 4

தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மழை விட்டிருந்தாலும் சேறு அப்படியே இருந்தது. வண்டி பின்புறமாக ஊருக்குள் நுழைந்தபோது கெல்லன் சொன்னாள்: "பாருங்க, எம்பொண்ணு மொதத் தடவையே ஊருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வர்றா." தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

ஏப்ரல் 12

காலைச் சவாரி முஹெரேசாவுக்கு, மாலை எனக்கு என்று வைத்துக்கொண்டோம். இன்று அவன் முதல் நாள். வழக்கமாக விடியுமுன்பே வண்டியை எடுக்கும் நான், விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தேன். முற்றம் முழுக்க வெயில். யோராம் தேநீர் நீட்டிவிட்டு என்னையே பார்த்தார்.

"உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"இல்லீங்க" என்றேன். "தூங்கிட்டேன்."