சதுப்பு வளைவில் ஒரு கடமான்

ஜனவரி 9, வெள்ளி

மைனஸ் பதினான்கு டிகிரி. மாலை நான்கு மணிக்கு ஊர்க் கூடத்தில் பெரியவர்களுக்கான குளிர்காலச் சாலைப் பேச்சு. ஆறாவது வருடமாக என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எஸ்தோனியாவிலேயே மோசமான பதினெட்டு கிலோமீட்டரில் பதினாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன், ஒரு தடவைகூடப் பள்ளத்தில் இறக்கியதில்லை. அந்தப் பெருமை எனக்கு இல்லாமலா இருக்கும்?

வழக்கமான பாட்டையே பாடினேன். பனிக்கட்டியில் பிரேக்கை அழுத்தி மிதிக்காதே. முன்னால் போகிறவனை விட்டுத் தள்ளியே போ. முன்கண்ணாடியை முழுசாகச் சுரண்டாமல் வண்டியை எடுக்காதே. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிவிட்டு, அதன் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்து ஓட்டுகிறவர்களை நடித்தும் காட்டினேன். கூடமே சிரித்தது.

வேட்டைச் சங்கத்து எய்னோ, எழுபத்தொரு வயது, கையைத் தூக்கினார். "ஹெல்வி, என் டிராக்டர்ல கண்ணாடியே இல்லையே. நான் எதைச் சுரண்டறது?"

"உங்க மீசையைச் சுரண்டுங்க" என்றேன். இன்னும் சிரிப்பு. காபியும் கிறிஸ்துமஸில் மீந்த இஞ்சி பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

விபத்து. பாட்டுக் குழுப் பயிற்சிக்காக நானும் தோழி உர்வேயும் என் காரில் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். சதுப்பு வளைவில் ஒரு கடமான் குறுக்கே வந்தது. குதிரை உயரம் இருக்கும். அதைத் தவிர்க்கத் திருப்பினேன், கார் பள்ளத்தில் இறங்கி பிர்ச் மரத்தில் மோதி நின்றது. எனக்கு நெற்றியில் வீக்கம். உர்வேக்குத் தோளில் காறை எலும்பு முறிந்துவிட்டது. போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். மத்தியானத்திலிருந்து பனி கொட்டுகிறது.

ஜனவரி 12, திங்கள்

நேற்று எழுதியது பொய்.

என்னைத் தவிர யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

கடமானும் இல்லை, கழுதையும் இல்லை. பாட்டுப் புத்தகத்தைத் தேடியதில் நேரமாகிவிட்டது. உர்வே முற்றத்தில் நின்று "பத்து மணிக்கு முதல் பாட்டுடி, நாம போறதுக்குள்ள கடைசிப் பாட்டே முடிஞ்சிரும்" என்று கத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி முழுக்கக் கெட்டியாக உறைபனி. நான் என்ன செய்தேன்? உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினேன். வெள்ளிக்கிழமை நடித்துக் காட்டிய அதே ஓட்டை. போகப் போக ஹீட்டர் மிச்சத்தை உருக்கிவிடும் என்று நினைத்தேன். இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசினோம், அந்த மூச்சு கண்ணாடியின் உள்பக்கமும் உறைந்தது. வளைவில் திரும்பியதும் தாழ்வான வெயில் நேராக அடித்தது. கண்ணாடி ஒரே வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை. என் கால் தானாகப் போய் பிரேக்கை முழுசாக மிதித்தது. ஆறு வருடமாக மிதிக்காதே என்று சொன்ன கால்.

மரத்தில் மோதி நின்றதும் உர்வே முனகினாள். "என்னடி ஆச்சு?" அவள் பார்க்கவில்லை, குனிந்து பையில் மிட்டாய் தேடிக்கொண்டிருந்தாள். "கடமான்" என்றது என் வாய். நான் யோசிக்கவே இல்லை. அதோடாவது விட்டேனா? மோதியதா என்று போலீஸ்காரர் கேட்டபோது, அவ்வளவு பக்கத்தில் வந்தது உரசாமல் போனது என்றால் நம்புவாரோ மாட்டாரோ என்று, "லேசா உரசியிருக்கும்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை. அடிபட்ட மிருகம் என்றால் வேட்டைச் சங்கம் அதைத் தேடிப் போயாக வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாதா?

பேருந்து ஓட்டி முடித்துவிட்டு வந்தபோது சங்கத் தலைவர் ஆர்வோ வாசலில் நின்றார். பின்னால் ஆறு பேர், பனிச்சறுக்குக் கட்டைகள், இரண்டு நாய்கள். எய்னோவும் இருந்தார்.

"நேத்து கொட்டின பனியில தடம் எல்லாம் மூடிப்போச்சு. எந்தப் பக்கம் ஓடுச்சு?"

"சதுப்புப் பக்கம்" என்றேன். கை வேறு நீட்டிக் காட்டினேன்.

"கொம்போட இருந்துச்சுன்னு உர்வே ஆஸ்பத்திரியில சொல்றா. ஜனவரியிலயும் கொம்பு உதிராம இருந்தா இளசாத்தான் இருக்கும்."

உர்வே எப்போது கொம்பைப் பார்த்தாள்? தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜனவரி 13, செவ்வாய்

இரண்டாவது நாளும் தேடியிருக்கிறார்கள். மைனஸ் இருபத்திரண்டு. பீவர் விலங்குகள் அணை கட்டிய ஓடையில் பனிக்கு அடியில் பனிக்கட்டி மெல்லிசாக இருந்திருக்கிறது. எய்னோ முழங்கால் வரை உள்ளே போய்விட்டார். தூக்கிவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போங்கள் என்று ஆர்வோ சொன்னதற்கு, "அடிபட்ட ஜீவன் அங்க கெடந்து துடிக்குது, நான் போய் அடுப்புப் பக்கத்துல உக்காரவா?" என்றாராம். ஈரப் பூட்ஸோடு இன்னும் இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறார்.

கால் விறைத்துப்போய் நகர மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

ஜனவரி 14, புதன்

பேருந்தை முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விடவில்லை. எதற்கு இந்த வேஷம்?

ஜனவரி 15, வியாழன்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைந்து கொடுத்தார்கள். பெரிய கொம்போடு கடமான், எதிரே சிவப்புக் காரில் நான், மேலே "எங்கள் ஹெல்வி தைரியசாலி". பேருந்தில் ஒட்ட வேண்டுமாம். அவர்கள் எதிரிலேயே ஒட்டினேன். மத்தியானம் இறக்கிவிட்டதும் கிழித்து எடுத்தேன். பிறகு, நாளைக்குக் கேட்பார்களே என்று பசை தடவித் திரும்ப ஒட்டினேன்.

ஜனவரி 17, சனி

எய்னோ போன் செய்தார். வலது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டதாம், எடுத்துத்தான் ஆக வேண்டுமாம். அதைச் சொல்லவா கூப்பிட்டார்? இல்லை.

"மன்னிச்சிரும்மா ஹெல்வி. கண்டுபிடிக்க முடியல. உனக்கும் அது மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கும்ல?"

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்வது? போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை, வெட்கம்தான். காது மடலெல்லாம் எரிந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

உர்வேயின் ஆடுகளைக் காலையும் மாலையும் நான்தான் கறக்கிறேன். பதினொன்று. அவளுக்கு ஒரு கைதானே. எனக்குச் சூப் வைத்துக் கொடுக்கிறாள், அடுப்படியில் நின்றபடியே கடமான் கதையைச் சொல்கிறாள். கடையில் சொல்லியாகிவிட்டது, பாட்டுக் குழுவில் சொல்லியாகிவிட்டது, வட்டாரப் பத்திரிகைக்காரனுக்கும் சொல்லியாகிவிட்டது. அதன் மூக்கிலிருந்து ஆவி வந்ததைப் பார்த்தாளாம்.

அவள் சொல்லும்போது நானே ஒரு நிமிடம் அந்தக் கடமானைப் பார்த்துவிடுகிறேன்.

ஜனவரி 24, சனி

சொல்லிவிட்டேன். உர்வேயிடம். ஆட்டுக் கொட்டிலில், பால் கேனை மூடிக்கொண்டே.

"உர்வே, கடமான் வரல. கண்ணாடியைச் சரியா சுரண்டல. கண்ணு தெரியாம பிரேக்கை மிதிச்சிட்டேன்."

அவள் சிரித்தாள். "தலையில அடிபட்டதுல உனக்குக் குழம்பிப்போச்சு. நான்தான் பாத்தேனே."

"நீ பாக்கல. பைக்குள்ள தலையை விட்டிருந்த."

"கொம்பு பாத்தேன்டி!"

"அது பிர்ச் மரம்."

அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினாள், அதற்குப் பிறகு யார் யாரிடம் சொன்னோம் என்று ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். கடைசியாக எய்னோ நினைவுக்கு வந்திருப்பார். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எலும்பு ஒடிஞ்சதைக்கூட விட்டுருவேன். ஊர் முழுக்க என்னையும் பொய்க்காரியா ஆக்கிட்டியேடி. அந்த மனுஷனோட காலு..."

"உர்வே—"

"கேனை வச்சிட்டுப் போ. நாளைக்கு வராத. ஆட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

ஜனவரி 25, ஞாயிறு

ஆர்வோ வீட்டுக்குப் போனேன். நாய்கள் என்னைப் பார்த்து வாலை ஆட்டின. மேசையில் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை நிமிரவே இல்லை. துணியை மடித்தார், திரும்பவும் மடித்தார்.

"ஆறு பேரு. ரெண்டு நாளு" என்றார். "எய்னோ முழுகியிருந்தா?"

துணியை மேசையில் வைத்தார்.

"எய்னோகிட்ட நீயே போய்ச் சொல்லு. என்னால அதை வாயில எடுத்துச் சொல்ல முடியாது."

ஜனவரி 26, திங்கள்

விடுப்பு எடுத்துக்கொண்டு, ஊர் எல்லை வரை நடந்து, பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். எய்னோ ஜன்னல் பக்கக் கட்டிலில் இருந்தார். காலைக் கூடாரம் மாதிரி மூடி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று நின்றபடியே சொன்னேன். ஓட்டை போட்டதையும் விடவில்லை, "உரசியிருக்கும்" என்றதையும் விடவில்லை, கை நீட்டித் திசை காட்டியதையும் சொன்னேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ அங்க எதுவும் அடிபட்டுக் கெடக்கல?"

"இல்ல."

"எந்த ஜீவனும்?"

"எதுவும் இல்ல, எய்னோ."

"நல்லது" என்றார். தலையணையில் சாய்ந்தார். இத்தனை நாளும் அந்த மனுஷன் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். இல்லாத ஒரு மிருகம் சதுப்பில் கிடந்து சாகிறதென்று, கறுத்துப்போன விரலோடு. திட்டியிருக்கலாம். தண்ணீர்க் குவளையை எடுத்து என் மேல் எறிந்திருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

பிறகு என்னைப் பார்க்காமலே, "இப்ப நீ போ" என்றார்.

ஜனவரி 27, செவ்வாய்

போலீஸுக்கு எழுதிக் கொடுத்தேன். அபராதம் வரும். வட்டார அலுவலகத்திலும் சொல்லிவிட்டுப் பேருந்துச் சாவியை மேசையில் வைத்தேன். அதிகாரி சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வசந்த விடுமுறை வரைக்கும் வேற ஆளைப் போடறோம். அப்புறம் பெத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்." அதுவரை பள்ளியில் தாழ்வாரம் துடைக்கும் வேலை தருகிறார்களாம். சரி என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தாழ்வாரம். என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிடுகிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

எய்னோவுக்கு இன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் சமையல்காரி சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நோன்புக்கு முந்தின சறுக்குத் திருநாள். பள்ளி முழுக்கக் குன்றில் சறுக்கிக்கொண்டிருந்தது. பட்டாணி சூப், கிரீம் பன். எனக்கும் ஒரு பன்னை எடுத்து வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று தெரியவில்லை. வாளி அறையில் நின்றுகொண்டு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

கடையில் உர்வே. கை இன்னும் கழுத்தில் தொங்கும் தூளியில். என்னைப் பார்க்காமல், கடைக்காரியைப் பார்த்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "கடமானைப் பாத்தேன்னு நான் சொன்னது பொய். நான் எதையும் பாக்கல. மிட்டாய் தேடிக்கிட்டு இருந்தேன். பேப்பர்க்காரனுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

காது வரை சிவந்திருந்தது அவளுக்கு. என்னால்தானே இது. ரொட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சுதந்திர தினம். விடியற்காலையில் கொடி ஏற்றினேன். ஊர்க் கூடத்தில் பாட்டுக் குழு பாடியது. நான் போகவில்லை. உப்பு மீன் வைத்த ரொட்டி இரண்டு செய்தேன், ஒன்றுதான் சாப்பிட முடிந்தது.

பிப்ரவரி 28, சனி

கார் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. முன்பக்கம் வேறு சிவப்பு. எங்கே ஓட்டிப் போவது?

மார்ச் 5, வியாழன்

மாலை ஐந்து மணிக்குப் போன். எய்னோ.

"நாளைக்கு வீட்டுக்கு விடறாங்க. வந்து கூட்டிட்டுப் போ."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. "ஆர்வோ வரலையா?" என்றேன்.

"வர்றேன்னான். நான்தான் வேண்டாம்னேன்."

வைத்துவிட்டார்.

மார்ச் 6, வெள்ளி

மைனஸ் ஒன்பது. நேற்று உருகியது இரவில் திரும்ப உறைந்து, சாலை முழுக்க வழவழ என்று கிடந்தது. நாற்பது கிலோமீட்டர். மருத்துவமனை வாசலில் ஊன்றுகோலோடு நின்றார். முன்கதவைத் திறந்துவிட்டேன். அவர் அதைக் கடந்துபோய்ப் பின்கதவைத் திறந்தார், உட்கார்ந்தார், பெல்ட்டைப் போட்டார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்தது, ஜன்னலைப் பார்க்கவில்லை அவர். வழி முழுக்க என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். சதுப்பு வளைவை இருபதில் திரும்பினேன். பின்னால் ஒரு லாரி வந்து ஒட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தது. அடித்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

அவர் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, இறங்கக் கை கொடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டுத் தானே ஊன்றி எழுந்தார். படி ஏறி, கதவைத் திறந்து, உள்ளே போகும்போது திரும்பாமலே சொன்னார்:

"திங்கக்கிழமை கட்டு மாத்தணும். எட்டு மணிக்கு வந்திரு."