'நாளைக்கு வாங்க' என்று சொல்லாதவளுக்கு

காலையிலிருந்து கரண்ட் இல்லை. என் மோட்டார் மெஷின் சும்மா கிடந்தது. வேறு வழியில்லாமல் உன் மிதி மெஷினின் மூடியைத் திறந்து எண்ணெய் விட்டேன். அந்த வாசனை வந்ததும் உன்மேல் கோபமும் வந்தது. செத்துப்போனவள்மேல் கோபப்படலாமா என்று கேட்காதே. நீ விட்டுப்போன கடையை ஒரு நாள் வந்து நடத்திப் பார்.

பண்டாரவளையில் தையல்கடை வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு மந்திரம் உண்டு: "நாளைக்கு வாங்க." துணியை வெட்டவே இல்லையென்றாலும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். நாம் இருவரும் சேர்ந்து கடை போட்ட முதல் வாரமே நீ அதற்குத் தடை போட்டாய். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். "ஒரு பேர விட்டுட்டுத்தான் டவுனுக்கு வாராங்க. நாளைக்கு வாங்கன்னா இன்னொரு பேரும் போயிரும்ல," என்றாய். நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். எனக்கு அது தெரியாதா? ஆனால் தீபாவளி வாரத்தில் சோறு ஆறிப்போகத் தைத்தது யார்? நாம்தானே.

துணியை வாங்கும்போதே முடியாது என்று சொல்லிப் பழகு என்று உன்னோடு எத்தனை சண்டை. நீ காதில் போட்டுக்கொண்டால்தானே. எந்தத் தோட்டம், கடைசி பஸ் எப்போது என்று கேட்டு, அந்த வரிசையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருப்பாய்.

போன மாதம் பதுளையில் சிறு வியாபாரிகளுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், இனிமையாகப் பேச வேண்டும் என்று டை கட்டிய ஒரு தம்பி பாடம் எடுத்தார். நீ யாரைப் பார்த்துச் சிரித்தாய்? வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு 'ம்' என்பாய், அவ்வளவுதான். நான் எழுந்து, கரண்ட் இல்லை, சட்டை முடியவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டேன். அன்பாக எடுத்துச் சொல்லி மறுநாள் வரச்சொல்லலாம் என்றார். வந்த எரிச்சலில் அவர்கள் கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இன்று அதேதான் நடந்தது. கொஸ்லாந்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். விடிந்தால் மகளுக்குச் சடங்கு. சட்டையில் இன்னும் கைகளை இணைக்கவில்லை, கொக்கி தைக்கவில்லை. எனக்கு அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் மெதுவாகக் கேட்டார்: "அந்த அக்கா இருந்தா முடிச்சிருப்பாங்கல்ல?"

உன்னைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். கடையைப் பூட்டிவிட்டு, சட்டையும் ஊசியுமாக அவரோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கடைசிக் கொக்கியை பஸ் படியில் நின்றுதான் தைத்தேன். கண்டக்டர் வாய்க்கு வந்தபடி ஏசினார். உனக்கும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டேன்.

பஸ் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். வாழ்நாளெல்லாம் யாருக்கும் சொல்லாத அந்த வார்த்தையை நீ ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நீ போய்க் கடையப் பாரு. நாளைக்கு வா," என்றாய்.

வந்தேன். கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்த வார்த்தை என் நாக்கு நுனியைத் தாண்டுவதில்லை.